'மாடு கத்துது' என்றால் எந்தக் கத்தல்?

"டாக்டர், மாடு ரெண்டு நாளா கத்துது. சினை ஊசி போடணும்."

இந்த வருஷத்தில் இப்படி வந்த மூன்றாவது போன். மூன்றுமே சினைப் பருவத்துக்கு வந்த மாட்டின் கத்தல் இல்லை, வெறிநோய் (ரேபிஸ்). இந்த முறை மாட்டுக்காரர், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று முழங்கை வரை கையை விட்டுத் துழாவியிருந்தார். விரலில் ஆறாத அரிவாள் வெட்டு வேறு.

'கத்துது' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பசித்தாலும் கத்தும், கன்றைப் பிரித்தாலும் கத்தும். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? யானைக்குப் பிளிறல், குதிரைக்குக் கனைப்பு, எருதுக்கு எக்காளம், பசுவுக்குக் கதறல் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். (அதிலும் ஒரு வம்பு. இலக்கணம் படித்த ஒருவர் 'பசு கதறுகிறது' என்றார். அடித்துப்பிடித்து ஓடினேன். தண்ணீர்த் தொட்டி காலி, அவ்வளவுதான்.)

சினைப் பருவம் 12 முதல் 18 மணி நேரத்தில் அடங்கிவிடும். பிறப்புறுப்பில் கண்ணாடி போல வழும்பு தொங்கும். அடுத்த பருவம் சுமார் 21 நாள் கழித்து. எவ்வளவு கத்தினாலும் அது உங்கள் மாட்டின் குரலாகவே இருக்கும். வெறிநோயில் குரலே உடைந்துவிடும்: கரகரவென்று கிளம்பி, பாதியில் வெறும் காற்றாகிப் போகும். எச்சில் நூலாக ஒழுகும், சாணி வராமலே முக்கும். மற்ற மாட்டின் மேல் தாவவும் செய்யும். அதைப் பார்த்துவிட்டுத்தான் 'சினையேதான்' என்று என்னிடமே சாதிக்கிறார்கள். எருமை பல நேரம் சத்தமே இல்லாமல் பருவத்துக்கு வந்து போகும், கத்தினாலே சினை என்று ஆகிவிடாது என்பதையாவது நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது இந்தத் 'தொண்டையில் சிக்கியிருக்கு'. எச்சில் வடிய, தண்ணீரில் வாய் வைத்தும் விழுங்க முடியாமல் நின்றால் அப்படித்தான் தோன்றும். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. தொண்டை நரம்பு செயலிழந்திருக்கும். நிஜமாகவே சிக்கியிருந்தாலும் எடுப்பது என் வேலை. கையுறை என்னிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. 'நாய் கடிக்கவே இல்லையே' என்பார்கள். கடித்து வாரங்கள், மாதங்கள்கூட ஆகியிருக்கும். காயம் ஆறி மயிர் மூடியிருக்கும். மேய்ச்சலில் நடந்ததையெல்லாம் நீங்கள் பார்த்தீர்களா?

குரல் மாறினால் வாயில் கை வைக்காதீர்கள். மருந்தும் புகட்டாதீர்கள். மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், பாலை யாருக்கும் கொடுக்காதீர்கள். கத்தலைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. காயத்தில் பட்டது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தடுப்பூசியோடு காயத்துக்குள் போடும் மருந்தும் உண்டு. நோய் வந்தபின் மாட்டுக்கும் வைத்தியம் இல்லை, மனிதருக்கும் இல்லை.

அந்த மாட்டுக்காரர் 2 ஊசி போட்டுக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். நாளைக்கு 7ஆம் நாள் ஊசி. அண்ணே, இதைப் படித்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.