பால்வெட்டும் சுவர்க் காலண்டரும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்காக, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பாலை வடிய விடுகிறவர்களுக்காக, ஒரு செல்போன் செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். அன்றன்று எத்தனை மரம் வெட்டினோம், எவ்வளவு பால் கிடைத்தது என்று அதில் அவர்களே பதியலாம். முதலில் மூன்று பேரோடு தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். ஒருவர் அதிகாலை 3.30-க்கே தலைவிளக்கோடு இறங்கிவிடுகிறார். இன்னொருவர் காலை 6 மணிக்கு. மூன்றாமவர் மணியே பார்ப்பதில்லை. இரவு மழை பெய்திருந்தால் பட்டையைத் தடவிப் பார்த்து, ஈரம் காயும்வரை காத்திருக்கிறார்.

இந்த மூன்றையும் எப்படி, வேலை நடக்கும் விதத்தைக் காட்டும் ஒரே படமாக்குவது? முதல் இருவரின் நேரத்துக்குச் சராசரி எடுத்தால் 4.45 வரும். அந்த நேரத்துக்கு வேலை தொடங்குகிறவர் அந்த மூவரில் ஒருவர்கூட இல்லை.

வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்து, படம் வரைந்து, படங்களை ஒன்றுசேர்க்கும் முறையை 1990-களில் மென்பொருள் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த கேரன் ஹோல்ட்ஸ்பிளாட், ஹ்யூ பேயர் இருவரும் வகுத்தார்கள். ஒவ்வொருவர் செய்வதையும் படிப்படியாக எழுத வேண்டும். எது தொடங்கிவைத்தது, எங்கே தடங்கல் வந்தது, எதற்காகச் செய்தார் என்பதையும் சேர்த்துத்தான். அப்புறம் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மணி வேறானாலும் நோக்கம் ஒன்றாக இருப்பது தெரியும். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுத் தடத்தை விட்டு வழிந்து, மரத்தில் கட்டிய சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) விழாமல் வீணாகும். ‘பால் முழுசாகச் சிரட்டைக்கு வரணும்’ என்பதுதான் மூவரின் கவலையும். பொதுப் படத்தில் அந்த நோக்கம் மேலே நிற்கும், மூன்று வழிகளும் அதன் கீழே அப்படியே இருக்கும். எதையும் அழிக்கக் கூடாது.

சிதறிக் கிடக்கும் குறிப்புகளுக்கு ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதாவின் வழி உதவும். ஒரு சீட்டில் ஒரு விஷயம் மட்டும் எழுதி, தலைப்பு எதுவும் முன்கூட்டி வைக்காமல், ஒத்துப்போகிறவற்றை ஒன்றாக ஒட்டுவார்கள். தலைப்பு கடைசியில்தான் பிறக்கும். ‘சம்பளம்’, ‘கருவி’ என்று முதலிலேயே பெட்டி கட்டிவிட்டால் நமக்குத் தெரிந்ததையே திரும்பக் கண்டுபிடிப்போம்.

பால் வெட்டுகிறவர்கள் கையாளும் பொருள்களையும் பார்க்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. வெட்டிய நாளுக்கு வட்டம், மழை நாளுக்குக் கோடு, ஓரத்தில் வாங்கிய முன்பணம். இன்னொரு வீட்டில் அதே கணக்கு பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில். தாள் வேறு, ஆனால் இரண்டிலும் நாள், மழை, பணம் மூன்றும் இருக்கின்றன. நாம் கேட்க நினைத்த மர எண்ணிக்கை இரண்டிலும் இல்லை.

சரி, யார் எழுதுகிறார்கள்? இங்கே ஆளை விட்டுவிட்டுப் பொறுப்பைப் பார்க்க வேண்டும். வெட்டுவது ஒரு பொறுப்பு, பால் எடுப்பது இன்னொன்று. சில தோட்டங்களில் இரண்டும் ஒருவரே. சில இடங்களில் கணவர் வெட்டிவிட்டுப் போக, மனைவி வாளியோடு மரம் மரமாகப் போய்ச் சிரட்டையைக் கவிழ்க்கிறார். எத்தனை வாளி நிறைந்தது என்று அவருக்குத்தான் தெரியும். காலண்டரில் வட்டம் போடுவதும் அவரே. வெட்டுகிறவருக்கென்று நாம் நினைத்த செயலி அந்த மனைவியின் கையில் இருக்க வேண்டியது.