படம் இலவசம்தான், முதலில் தேதியைப் பாருங்கள்

செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையில் இருப்பதால் "இது இன்றைய படம்தானே?" என்ற கேள்வி எனக்குப் பழகிப்போனது. கேட்பவர் கையில் கூகுள் எர்த் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். ஒருவர் ஏரிக்கரை ஆக்கிரமிப்பைக் காட்ட அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏரியின் ஒரு பாதி நிரம்பியிருந்தது, மறு பாதி காய்ந்து கிடந்தது. நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு நேர்கோடு. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டிய தையல் அது.

கூகுள் எர்த் நேரலை கிடையாது. அதில் தெரிவது பல மாதம், சில இடங்களில் பல ஆண்டு பழையதாக இருக்கலாம். 'லைவ் சாட்டிலைட்' என்று உங்கள் வீட்டு மொட்டைமாடியைக் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளையும் நம்பாதீர்கள்.

எடுத்த நாள் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மூலத்துக்கே போய்விடலாம். நான் முதலில் திறப்பது கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் அதில் கிடைக்கும். ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடம், படத்தின் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் 10 மீட்டர். பார்ப்பதற்கு எதுவும் தேவையில்லை, பதிவிறக்க மட்டும் இலவசக் கணக்கு தொடங்க வேண்டும். மேக அளவைக் குறைத்து வைத்துத் தேடுங்கள். 'லெவல்-2ஏ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் காற்றுமண்டலத்தின் மங்கல் நீக்கிய படம் வரும். இயல்பு வண்ணத்தோடு நின்றுவிடாமல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் நிறமாகக் காட்டும் கலவையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். செடிகொடிகள் சிவப்பாக எரியும், நீர் கருத்துத் தனியே நிற்கும். ஏரியின் நீர்ப்பரப்பைப் பார்க்க எனக்கு இதைவிட எளிய வழி தெரியாது.

மழைக்காலத்தில் மேகம் விடவே விடாது. அப்போது சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள்தான் கை கொடுக்கும். மேகத்தை ஊடுருவும், இரவிலும் வேலை செய்யும். அலையில்லாத நீர் கண்ணாடிபோல சிக்னலை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் வெள்ளப் பகுதி கருப்பாகத் தெரியும்.

பழைய நிலவரம் வேண்டுமா? எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்தில் 1972 முதலான அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. 2008 வரை இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். புகை, புயல் போன்ற பெரிய காட்சிகளுக்கு நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் போதும். தினமும் புதுப் படம் வரும், ஆனால் கூர்மை குறைவு.

இதே சென்டினல் படத்துக்கு இடைத்தரகரிடம் பணம் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. விற்பது சட்டப்படி குற்றமில்லை. உழைத்து எதையாவது கணக்கிட்டுக் கொடுத்தால் அதற்குக் கூலி கேட்பதும் நியாயம்தான். வெறும் படத்துக்கு எதற்குக் காசு?

ஏரிக்காரருக்குப் பத்துத் தேதிகளில் படம் எடுத்துக் கொடுத்தேன். நீர் எந்த மாதம் எதுவரை நின்றது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆக்கிரமிப்பு என்று அவர் சொன்ன கொட்டகை மட்டும் தெரியவில்லை. 10 மீட்டர் பிக்சலில் அது ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதற்கு நில அளவையாளரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.