ஜெர்கினைக் கழற்றிவிட்டு மலை ஏறுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் மலை மருத்துவமனைக்கு ஒரு தனி ரகம் வரத் தொடங்கிவிடும். வயது முப்பது, முப்பத்தைந்து. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஓட்டிவந்த சைக்கிளின் விலையைக் கேட்டால் நமக்குத்தான் பிரஷர் ஏறும். உதடு நீலம் பாரித்து, பற்கள் தந்தியடிக்க வருவார்கள். மேலே இருக்கும் ஜெர்கினைக் கழற்றினால் உள்ளே பனியனைப் பிழியலாம். மழை ஒரு சொட்டுகூடப் பெய்திருக்காது. அத்தனையும் சொந்த வியர்வை.

கடைசியாக வந்தவருக்குக் காறை எலும்பு முறிவு. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு ஏறி, குன்னூர் பக்கம் இறங்கியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்த விரல் மடங்கவில்லை. மரத்துப்போன விரல், வேறொன்றும் இல்லை. கூட வந்த நண்பர் என்னிடம் கேட்டார்: "இவ்வளவு கனமான ஜெர்கின் போட்டிருந்தானே டாக்டர், அப்புறம் எப்படிக் குளிரும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

காற்றுப் புகாத துணி போட்டால் குளிராது என்ற நம்பிக்கை மோட்டார் பைக்கில் வந்தது. அங்கே அது சரிதான். பைக்கில் போகிறவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், உழைப்பது என்ஜின். சைக்கிளில் என்ஜினே நீங்கள்தான். தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் மிதிக்கும் வேலைக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. பெடலில் 150 வாட் கொடுத்து ஏறுகிற ஆள் 450 வாட்டுக்குக் குறையாமல் உடம்பில் சூட்டை உண்டாக்குகிறார். அது வெளியேற வேண்டும், அதற்குத்தான் வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். நீங்கள் ரெக்சின் ஜெர்கினால் வாசலை அடைத்துவிட்டால் வியர்வை எங்கே போகும்? பனியனில் ஊறும். உடம்போ இன்னும் சூடு தணியவில்லை என்று மேலும் வியர்க்கும்.

ஏறும் வரை ஒன்றும் தெரியாது. 'பாருங்க, குளிரவே இல்ல' என்று பெருமையாகக்கூட இருக்கும். உச்சியில் நின்று, டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். மிதிப்பதை நிறுத்தியதும் சூடு உண்டாவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, ஈரம் மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசையாத காற்றைவிட நீர் வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் உயரத்தில், ஊட்டி 2,240 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தாலே கீழே 20 டிகிரி இருக்கும்போது மேலே 7, 8 டிகிரிதான். விடியற்காலை என்றால் இன்னும் மோசம். 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் முகத்துக்கும் கைக்கும் அது மைனஸ் 1 டிகிரி போலத்தான் படும்.

இதில் காட்டன் பனியன் முதல் எதிரி. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எல்லோர் வீட்டிலும் நல்ல காட்டன் பனியன் அடுக்கடுக்காக இருக்கிறது. ஊரில் போடுங்கள், அருமையான துணி. மலையில் அது வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. உடம்பை ஒட்டிய முதல் துணி மெல்லிய பாலியஸ்டராகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும். பாலியஸ்டர் இழை ஈரத்தைத் தனக்குள் வாங்காது, நெசவின் வழியே வெளிப்பக்கம் தள்ளிவிடும். மெரினோ ஓரளவு ஈரமானாலும் கதகதப்பு போகாது, நாற்றமும் குறைவு. வலை பனியனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவினர் போட்டிருந்ததும் அதைத்தான்.

அதற்கு மேல் முழு ஜிப் வைத்த ஜெர்சி. ஏறும்போது ஜிப்பைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். கிளம்பிய முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லையென்றால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், ஒன்றைக் கழற்றுங்கள்.

காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் முதுகுப் பாக்கெட்டில் மடித்து இருக்கட்டும். அது இறக்கத்துக்கு மட்டும். முன்பக்கம் காற்றைத் தடுத்து, முதுகுப்பக்கம் வலையாக இருந்தால் உத்தமம். அதுவும் இல்லையா, பழைய செய்தித்தாளை நான்காக மடித்து நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவே செருகுங்கள். ஐரோப்பாவின் பந்தய வீரர்களே மலை இறக்கத்தில் காலங்காலமாகச் செய்த வேலை. பிளாஸ்டிக் பையைச் செருகாதீர்கள். அதுவும் வாசலை அடைப்பதுதான், நீலகிரியில் தடையும் இருக்கிறது.

'என் ஜாக்கெட் பதினைந்தாயிரம் ரூபாய், மூச்சு விடும் துணி' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேபிளில் 10,000 என்று இருந்தால், ஆய்வகத்தில் ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் அத்தனை கிராம் நீராவி போனது என்று அர்த்தம். மூடுபனியில், வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த எண் எடுபடாது. முழுமூச்சாக ஏறினால் எந்த விலைத் துணியும் தோற்கும். அக்குளில் ஜிப் இருந்தால் திறங்கள், அவ்வளவுதான். கடையில் சோதித்துப் பார்க்க, துணியை உதட்டோடு வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் ஏறுவதற்கு ஆகும், படாவிட்டால் இறங்குவதற்கு. இந்தத் துணிகளைத் துவைக்கும்போது வாசனைக்காகக் கம்ஃபர்ட் வகையறாக்களைச் சேர்க்காதீர்கள், இழை அடைத்துப்போய் வியர்வையைக் கடத்தாது.

தொப்பை கரையட்டும் என்று ரப்பர் ஸ்வெட் சூட் போட்டு மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். குறைவது தண்ணீர். ரெண்டு சொம்பு குடித்தால் எடை திரும்பிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

உச்சியில் ஒரு வேலை கட்டாயம்: ஈர பனியனைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, காய்ந்த ஒன்றைப் போடுங்கள். டீயெல்லாம் அதற்கப்புறம். கூச்சமாக இருந்தால் டீக்கடைக்குப் பின்னால் போங்கள். மாற்று பனியனின் எடை நூற்றைம்பது கிராம்கூட வராது. விரல் முழுதும் மூடும் கையுறை, ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குல்லா, முட்டியை மூடும் பேண்ட் மூன்றும் இறங்கும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்தபின் ஜிப்பைப் பிடிக்கவே விரலுக்கு வராது.

கூட வருகிறவர் பேச்சு குழறினால், ஹெல்மெட் பட்டையைப் போடத் தடுமாறினால், இறக்கத்தில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகிறது. ஈரத்தைக் கழற்றி, கம்பளி சுற்றி, விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுத்து, வண்டியில் ஏற்றிக் கூட்டி வாருங்கள். நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமாகிவிட்டால் டீக்கும் காத்திருக்க வேண்டாம். பிராந்தி மட்டும் கூடாது: தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.