ஓப்பன் சோர்ஸ்: திறமூலமா, திறவூற்றா, கட்டற்றதா?

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளைத் திறந்து, போனைப் பற்றிய பகுதியில் சட்டத் தகவல்களைத் தொட்டுப் பாருங்கள். உரிமங்களின் பட்டியல் ஒன்று வரும். விரல் சலிக்கும்வரை தள்ளினாலும் அதன் அடி தெரியாது. அதில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை, யாரோ எழுதி, பிறரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்த மென்பொருள்கள். ஆங்கிலத்தில் இவற்றை ‘ஓப்பன் சோர்ஸ்’ என்கிறார்கள். தமிழில் திறந்த மூலம், திறமூலம், திறவூற்று, கட்டற்ற மென்பொருள் என்று நான்கு பெயர்கள் புழங்குகின்றன. நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். மொபைல் இணையத்தைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் பொருளையே மாற்றிவிடுகிறது.

முதலில் ‘சோர்ஸ்’. லத்தீனில் எழுதல், மேலெழும்புதல் என்று பொருள்படும் ‘சுர்கெரே’ என்ற வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நீர் ஊறி எழும் இடத்தைக் குறித்தது. பிறகு எதற்கும் பிறப்பிடம் என்ற பொருள் ஏறியது. கணினித் துறையில் அது, மனிதர் எழுதிய வடிவில் இருக்கும் நிரலைக் குறிக்கிறது. இயந்திரம் ஓட்டுவது அதன் மாற்றப்பட்ட வடிவத்தை. அந்த வடிவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஊற்று என்ற அந்த முதல் அர்த்தத்தை நினைத்தால் ‘திறவூற்று’ அழகான ஆக்கம்தான். ஆனால் சோர்ஸ் கோடு என்பதற்கு ‘மூல நிரல்’ என்ற பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. அந்த ‘மூலம்’ வடசொல் என்றாலும் நம்மிடம் வேரூன்றிய சொல். ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் அச்சிட்ட பழைய பதிப்புகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு, மூலம் எது, அதிலிருந்து பிறந்தது எது என்று விளக்க வேண்டியதில்லை. சொத்து வாங்குபவர் மூலப்பத்திரம் கேட்பதும் இதே பொருளில்தான். நிரல் என்பது வரிசை; நிரல்நிறை என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே சொல்.

‘திறந்த மூலம்’ என்று பிரித்து எழுதினால் ஒரு தொல்லை உண்டு. ‘அதன் மூலம்’, ‘இதன் மூலம்’ என்று மூலத்தை வழி என்ற பொருளிலும் எழுதுகிறோம். ‘திறந்த மூலம் வளர்ந்த உலாவி’ என்று ஒருவர் எழுதினால் வாசகர் இடறுவார். ‘திறமூலம்’ என்று சேர்த்தால் இடறல் இல்லை. அது வினைத்தொகையும்கூட: திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம் என மூன்று காலத்துக்கும் விரியும். ஒருமுறை திறந்துவிட்டு மூடிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை கொண்ட உரிமங்கள் உள்ள துறைக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது. திறம் என்ற பெயர்ச்சொல்லோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, இந்தப் பெயர் ஏன் பிறந்தது என்ற கதை. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த, குனு என்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டமும் அதைத் தொடர்ந்த இயக்கமும் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றே சொல்லிவந்தன. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் விலையில்லாதது என்றும் பொருள், விடுதலை என்றும் பொருள். ஸ்டால்மன் சொன்னது இரண்டாவதை: இயக்க, படித்து மாற்ற, பகிர, மாற்றியதையும் பகிர உரிமை. வணிகர்களின் காதில் விழுந்தது முதலாவது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அதையொட்டி அடுத்த மாதம் நடந்த கூட்டத்தில் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த பெயர்தான் ‘ஓப்பன் சோர்ஸ்’. எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும் அந்தப் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் வரையறையில் பத்து விதிகள். நிரலைக் காட்டினால் மட்டும் போதாது. மாற்றவும் பகிரவும் யாருக்கும், எந்தத் தொழிலுக்கும் தடை இருக்கக் கூடாது.

ஆங்கிலத்தின் அந்த நோய் தமிழுக்கு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று நம் மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே ஃப்ரீ சாஃப்ட்வேரை ‘இலவச மென்பொருள்’ என்று எழுதுவது இல்லாத குழப்பத்தைக் கடன் வாங்குவதாகும். அதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதே சரி. அப்படியானால் திறமூலம் என்று இன்னொரு சொல் தேவையா? தேவை. காரணம் நம் கையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது.

1990களின் இறுதியில், கேடிஈ என்ற லினக்ஸ் மேசைத்தளத் திட்டத்தில் கேஹெச்டிஎம்எல் என்ற வலைப்பக்க இயந்திரம், அதாவது வலைப்பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் காட்டும் உலாவியின் உட்பகுதி, எழுதப்பட்டது. ஆப்பிள் அதை எடுத்துத் தன் வழியில் வளர்த்தது. 2003இல் சஃபாரி உலாவி அதன்மேல் வந்தது. உரிமப்படி மாற்றங்களை வெளியிட வேண்டும், ஆப்பிளும் வெளியிட்டது. ஆனால் சிறிது சிறிதாக, காரணத்தோடு கொடுக்காமல் மொத்தமாகக் கொட்டியதால் தங்களால் இணைத்துக்கொள்ள முடியவில்லை என்று கேடிஈ நிரலாளர்கள் குறைப்பட்டார்கள். நியாயமான குறை அது. 2005இல், ஆப்பிள் வளர்த்த அந்த வடிவம் வெப்கிட் என்ற பெயரில் முழுமையான திறமூலத் திட்டமாக வெளியே வந்தது. நோக்கியா அதே ஆண்டில் அதைக் கையில் எடுத்தது. பிறகு ஆண்ட்ராய்டு, பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ், பிளாக்பெர்ரி என்று சந்தையில் ஒருவரையொருவர் முறியடிக்க நினைத்த நிறுவனங்கள் எல்லாம் ஒரே மூலத்தில் நீர் மொண்டன. வலைப்பக்க இயந்திரத்தை முதலிலிருந்து எழுதுவது பல ஆண்டு உழைப்பு. அந்தச் சுமை இறங்கியதால்தான், கணினியில் பார்க்கும் அதே வலைத்தளம் போனிலும் திறக்கும் நிலை இவ்வளவு விரைவில் வந்தது.

அடுத்து, திறந்திருப்பதும் கட்டற்றிருப்பதும் பிரியும் இடம். ஐபோனின் வெப்கிட் திறமூலம்தான். ஆனாலும் அந்தப் போனில் வெப்கிட்டைத் தவிர வேறு இயந்திரத்தோடு உலாவி வெளியிட ஆப்பிள் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால்தான் அங்கே முதலில் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டின் அடித்தள நிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் போனைத் தொடங்கிவைக்கும் தொடக்க நிரலைத் தயாரிப்பாளர் பூட்டியிருந்தால், திருத்திய வடிவத்தை உங்கள் சொந்தப் போனில் ஏற்ற முடியாது. கூகுள் பிளே சேவைகள் போன்ற பகுதிகளின் மூல நிரல் வெளியே இல்லை. நிரலின் நிலை திறமூலம். பயனரின் நிலை கட்டற்றது அல்ல. இதைச் சொல்ல இரண்டு சொற்களும் தனித்தனியே வேண்டும். நிரலைப் பற்றியும் தொழில்துறையைப் பற்றியும் பேசும்போது திறமூலம் என்கிறேன். அதைப் பயன்படுத்துபவரின் உரிமையைப் பேசும்போது கட்டற்ற என்கிறேன்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘ஃபோர்க்’. ஒரு நிரலைப் பிரதியெடுத்துத் தனிவழியில் வளர்ப்பது. கிளை என்றால், ஒரே திட்டத்துக்குள் பிரியும் ‘பிராஞ்சு’ என்பதோடு மோதும். மரம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் ‘கவை’ என்ற பெயர் இருக்கிறது, அதையே ஆளலாம். கேஹெச்டிஎம்எல்லின் கவை வெப்கிட். 2013இல் கூகுள் வெப்கிட்டிலிருந்து கவைத்தது பிளிங்க், குரோம் உலாவியின் இயந்திரம். முதல்நூல், அதன் முடிவை ஏற்று வேண்டிய மாற்றம் செய்யும் வழிநூல் என்று நூல்களைப் பகுத்த மரபு நமக்கு இருப்பதால், இந்த உறவு தமிழ் வாசகருக்குப் புதிதாகத் தோன்றாது.

ஆண்ட்ராய்டு போனில் குரோம் ஒரு தளத்தைக் கேட்கும்போது தன்னை அறிமுகப்படுத்தும் வரி ஒன்றை அனுப்புகிறது. அதில் வரிசையாக மொசில்லா, லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள்வெப்கிட், கேஹெச்டிஎம்எல், கெக்கோ, குரோம், சஃபாரி என்ற பெயர்கள் நிற்கின்றன. கேஹெச்டிஎம்எல்லைக் கேடிஈ பராமரிப்பதில்லை, முதல்நூல் வழக்கொழிந்துவிட்டது. அதன் பெயர் மட்டும் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் அந்த வரியில் போய்க்கொண்டிருக்கிறது.