நாண் போகும் வழி

காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் வாங்கி, வயர் கூடையோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். நாலு கிலோ சங்கரா, மேலே ஒரு கிலோ இறால். முதல் ஐம்பது அடிக்குக் கூடையின் பிடியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருப்போம். கொஞ்ச தூரம் போனதும், யாரும் சொல்லித் தராமலே பிடி மாறிவிடும். வயர் விரல் மடிப்புக்கு இறங்கும், நாலு விரலும் கொக்கியாகும், கட்டைவிரல் சும்மா கிடக்கும். முன்கை தளர்ந்து கயிறு மாதிரி தொங்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல்களில் சிவப்புக் கோடு இருக்கும், நுனி மரத்துப் போயிருக்கும்.

இப்போது அந்த வயரை மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள வில் நாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகுபவர்களுக்குக் கொடுக்கும் 30 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தால் விரலில் விழும் பளு 13 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் விரல்கள் பெரும்பாலும் மூன்றுதான். கூடையென்றால் நிதானமாகக் கீழே இறக்கி வைக்கலாம். நாணுக்கு அந்த நிதானம் கிடையாது, ஒரே கணத்தில் விரலை விட்டுப் போயாக வேண்டும். பிடிப்பது எளிது, போகவிடுவதுதான் பாடு. எந்தப் பிடி நல்ல பிடி என்ற கேள்விக்கு அளவுகோலும் அதுதான்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் முதன்முதலாக வில்லைத் தொட்டபோது நான் அம்பின் வாலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளி இழுத்தேன். பக்கத்தில் நின்ற எட்டாவது படிக்கும் பையன் சிரித்துவிட்டான். "இன்னாணா, கோலப்பொடி எடுக்கிற மாதிரி கீது? கொக்கி போடுணா."

அவன் கேலி செய்த பிடிக்கு ஒரு கௌரவமான வரலாறு உண்டு. ஜப்பானில் விலங்கியல் கற்பித்த அமெரிக்கர் எட்வர்ட் மோர்ஸ், உலகின் பல இனத்தார் நாணைப் பிடிக்கும் விதங்களைத் திரட்டி 1885இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் வைத்த வரிசையில் முதல் பிடியே இந்தக் கிள்ளுப் பிடிதான். குழந்தை கையில் விளையாட்டு வில்லைக் கொடுத்துப் பாருங்கள், இதைத்தான் பிடிக்கும். சிக்கல் பலத்தில் இருக்கிறது. கிள்ளும்போது வளர்ந்த ஆளுக்குக்கூடப் பத்து கிலோவைத் தாண்டுவது அரிது. லேசான வில்லுக்கு அது போதும். அதற்கு மேலே போக வேண்டுமானால், கிள்ளியபடியே நடுவிரல், மோதிர விரல் நுனிகளையும் நாணில் போட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். மோர்ஸின் இரண்டாவது, மூன்றாவது வகைகள் அப்படி வந்தவை. நான்காவது, மத்தியதரைக்கடல் பிடி. இதில் கிள்ளுவதே கிடையாது. ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. மூன்றும் கொக்கி. இன்றைக்கு ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது இதைத்தான். ஐந்தாவது, கட்டைவிரல் பிடி.

கொக்கி ஏன் கிள்ளலை வெல்கிறது? விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக ஓடி விரல் எலும்புகளில் போய்ப் பிடிக்கின்றன. தமிழ் அதற்கும் நாண் என்றே பெயர் வைத்திருப்பது ஒரு அழகு. கொக்கியாக மடங்கிய விரலில் பளு இந்த நாண்களின் நீளவாக்கில் இறங்குகிறது. மணிக்கட்டு நேராக இருக்கும், முழங்கை வரை ஒரே இழுவைக் கோடு கிடைக்கும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். நாண் சீக்கிரம் நழுவ வேண்டுமென்றால் அதை விரல் நுனியில் வைப்பதுதானே புத்திசாலித்தனம்? கை அதற்கு ஒப்புக்கொள்ளாது. நுனியில் இருக்கும் நாண் எப்போது வேண்டுமானாலும் வழுக்கிவிடும் என்று விரல்கள் இறுகும், புறங்கை முட்டிபோல் புடைக்கும், முன்கை முழுக்க விறைக்கும். அந்த விறைப்பை ஒரே நொடியில் கழற்ற முடியாது. அதனால் பயிற்சியாளர்கள் நாணை நுனியிலிருந்து முதல் மூட்டின் மடிப்பிலோ, அதற்குச் சற்று உள்ளேயோ வைக்கச் சொல்கிறார்கள். ஆழமான கொக்கிக்குக் குறைந்த இறுக்கம் போதும். இறுக்கம் குறைவாக இருந்தால் தளர்வதும் சுருக்காக நடக்கும்.

மைதானத்தில் வில் சொல்லித் தரும் மாஸ்டர் என்னிடம் மூன்று வாரம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "நீ விடாதபா. அதுவே போவும்."

தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது இயற்பியல் என்று தெரிந்தது. நாண் விரலை விட்ட பிறகு அம்பைத் தள்ளிக்கொண்டு போகும் தூரம் சுமார் அரை மீட்டர். அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சுழியம், முடிவில் ஐம்பது, சராசரியாக இருபத்தைந்தை ஒட்டி. ஆக மொத்தப் பயணமும் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கண்ணால் பார்த்துக் கையை அசைக்க நமக்கு அதைப் போலப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும். விரலை 'விரித்து' நாணை விடலாம் என்று நினைப்பவரின் விரலைவிட நாண் எப்போதும் வேகமானது. நாம் செய்யக்கூடியது முன்கைத் தசையைத் தளர்த்துவது மட்டும்தான். விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும் வேலையை நாண் பார்த்துக்கொள்ளும்.

கேரம் ஆடி வளர்ந்த வடசென்னைக் கைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போது விசை விரலிலிருந்து போகிறது. காயின் போக்கைத் தீர்மானிப்பதே விரலின் வேலை. வில்லில் விசை முழுக்க வில்லின் கைகளில், அதாவது வளையும் மேல், கீழ்ப் பாதிகளில், சேமிக்கப்பட்டிருக்கிறது. விரல் சேர்க்கும் எதுவும் அம்புக்கு இடைஞ்சல்தான். மைதானத்தில் சுண்டிச் சுண்டியே ஒரு மாதம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு நன்றாகத் தளர்த்தினாலும் நாண் நேர்க்கோட்டில் போவதில்லை. வலக்கையால் இழுப்பவரின் மூன்று விரல் கொக்கியில் விரல் நுனிகள் இடப்பக்கம் பார்க்கின்றன. நாண் வெளியேற வேண்டுமானால் அந்த நுனிகளைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக நழுவியே ஆக வேண்டும். அம்பின் வாலும் அதோடு இடப்பக்கம் தள்ளப்படும். தலையில் கனமான முனை, வாலில் திடீர்த் தள்ளல், நடுவில் ஒல்லியான தண்டு. அம்பு வளையத்தான் செய்யும். அதிவேகக் கேமராவில் பார்த்தால் அது தண்ணீர்ப் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே வில்லைக் கடக்கும். அம்பு வில்லின் இடப்பக்கம் ஒட்டி இருக்கிறது, நாணோ நடுக்கோட்டில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அம்பு இடப்பக்கம் விலகிப் போக வேண்டும், ஆனாலும் இலக்குக்கே போகிறது. இந்தப் புதிருக்கு வில்லாளியின் முரண் என்று பெயர். நெளிவின் தாளம் சரியாக இருந்தால், அம்பின் நடுப்பகுதி முதலில் வில்லை நோக்கி வளைந்து, பிறகு வெளிப்புறம் வளைந்து, வால் வில்லைத் தொடாமலே தாண்டிவிடும். அம்பின் விறைப்பை வில்லுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். பிடியை மாற்றினால் பக்கவாட்டுத் தள்ளலும் மாறும். நேற்று வரை நேராகப் போன அம்பு இன்றைக்கு முறைத்துக்கொள்ளும்.

அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்று பிரித்துப் பிடிப்பதா, மூன்றையும் அம்புக்குக் கீழேயே வைப்பதா? மைதானங்களில் இதற்கு முடிவே இல்லாத சண்டை நடக்கும். எனக்குத் தெரிந்தவரை பாதி விடை வில்லின் நீளத்தில் இருக்கிறது. ஒலிம்பிக் வகை வில் 66 முதல் 70 அங்குலம் வரை வரும். முழுதாக இழுத்தாலும் விரலருகே நாணின் கோணம் விரிந்தே இருக்கும், மூன்று விரலும் சௌகரியமாக உட்காரும். வில் குட்டையாக ஆக ஆக அந்தக் கோணம் குறுகும். குதிரைமேலிருந்து எய்யும் 50 அங்குலக் குதிரை வில்லில் அது செங்கோணத்தை ஒட்டி வந்துவிடும். அப்போது மேல் விரலையும் கீழ் விரலையும் நாண் ஒன்றோடொன்று நெருக்கும், இடையில் அகப்பட்ட அம்பின் வால் நசுங்கும். ஒரு முறை குட்டை வில்லைப் பிரித்துப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க அம்பு தானாகவே வில்லைவிட்டு இடப்பக்கம் விலகி, கடிகார முள் மாதிரி திரும்பித் தரையில் விழுந்தது. விரல் நெருக்கத்தோடு, நான் விரலைச் சுருட்டியதும் சேர்ந்து செய்த வேலை. புதியவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும், வில்லைத் திட்ட வேண்டியதில்லை.

மூன்றையும் கீழே வைத்தால் அம்பின் வாலை இருபுறமும் நெருக்க விரல் இல்லை. அம்பு கண்ணுக்கு நெருக்கமாக வருவதால், குறிபார்க்கும் கருவி இல்லாமல் அம்பின் மேலாகப் பார்த்து எய்பவர்களுக்கு இது பிடிக்கும். இவர்களில் சிலர் நாணிலேயே 'நடப்பார்கள்'. இலக்கு கிட்டத்தில் இருந்தால் விரல்களை அம்பைவிட்டுக் கீழே இறக்கிப் பிடிப்பார்கள், தூரமானால் அம்பை நெருங்குவார்கள். விரலைக் காக்க மாட்டிக்கொள்ளும் தோல்துண்டான விரல்தோலின் தையல்களை எண்ணி எவ்வளவு இறங்குவது என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். பார்க்க ஏதோ மளிகைக்கடைக் கணக்கு மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. இதற்கு விலையும் உண்டு. பிடி நடுவிலிருந்து இறங்குவதால் வில்லின் மேல்கைக்கும் கீழ்க்கைக்கும் சமன் குலையும், சத்தம் கூடும்.

குட்டை வில்லின் கோணச் சிக்கலுக்கு ஆசியா கண்ட விடை வேறு. மூன்று விரலையே கழற்றிவிட்டு, நாணை ஒரே இடத்தில் மட்டும் பிடிப்பது. கட்டைவிரல் நாணைச் சுற்றி மடங்கும், ஆள்காட்டி விரல் அதன் நகத்தின் மேல் தாழ்ப்பாள் போடும். ஒரே புள்ளி என்பதால் கோணம் எவ்வளவு குறுகினாலும் நெருக்க ஆளில்லை. இங்கே எல்லாம் கண்ணாடிப் பிம்பம். நாண் கட்டைவிரல் நுனி வழியாக வலப்பக்கம் நழுவுகிறது, அதனால் அம்பும் வில்லின் வலப்பக்கம் இருக்கும். கையை லேசாக முறுக்கினால் அம்பு வில்லோடு ஒட்டிக்கொள்ளும், ஓடும் குதிரையிலும் விழாது. வலக்கை எடுத்த அம்பை வில்லைச் சுற்றிக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துவிடலாம் என்பதால் வேகமும் கிடைக்கும்.

முழுப் பளுவும் ஒற்றை விரலில் என்பதால் வெறுங்கட்டைவிரல் தாங்காது. துருக்கியர், கொரியர், மஞ்சூரியர், முகலாயர் என்று ஆளுக்கொரு வடிவில் மோதிரம் செய்துகொண்டார்கள். முகலாயருடையவற்றில் பச்சைக்கல்லில் செதுக்கி மணி பதித்தவையும் உண்டு. அரபு வில்லாளிகள் இந்தத் தாழ்ப்பாளின் வகைகளை 63, 73, 83 என்று எண்களால் அழைத்தார்கள். அந்தக் காலத்தில் விரல்களை மடக்கி எண் காட்டும் முறை ஒன்று இருந்தது. 63 காட்டும் கையும் நாண் பிடிக்கும் கையும் ஒரே தோற்றம் என்பதால் வந்த பெயர். ஜப்பானிய வில் மட்டும் கணக்கை மீறும். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், ஆனாலும் கட்டைவிரல் பிடிதான், தடித்த தோல் கையுறையோடு. நீளமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது, பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

ஏகலைவன் கதை இங்கே வேறு மாதிரி ஒலிக்கும். மத்தியதரைக்கடல் பிடியில் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் சும்மா மடங்கிக் கிடக்கிறது, அதைத் துரோணர் கேட்பதில் பெரிய லாபமில்லை. கட்டைவிரல் பிடியில் அதுதான் எல்லாம். மகாபாரதமே அடுத்து ஒன்றைச் சொல்கிறது. அதன்பிறகு ஏகலைவன் மற்ற விரல்களால் எய்தான், ஆனால் முன்பிருந்த வேகம் இல்லை. எய்யவே முடியவில்லை என்று சொல்லாமல் வேகம் போனது என்று சொன்னவருக்கு வில் பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

தேர்வுக்கு வருவோம். நீள வில், குறிபார்க்கும் கருவி என்றால் பிரித்துப் பிடிக்கலாம். கருவி இல்லாமல் கிட்டத்து இலக்கு என்றால் மூன்றும் கீழே. குட்டைக் குதிரை வில் வாங்கிவிட்டீர்களானால் மோதிரமும் சேர்த்து வாங்குங்கள். எந்தப் பிடியானாலும் வெறும் விரலால் நூறு அம்பு எய்யாதீர்கள். நாண் அழுத்துவது தோலை மட்டுமில்லை, விரலின் இருபுறமும் ஓடும் நரம்புகளையும்தான். மரத்துப்போதல் மறுநாளும் நீடித்தால் வில்லைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆன்லைனில் நான் வாங்கிய விரல்தோல் அளவு பெரிது. ஓரம் மடங்கி நாணில் மாட்டியதில் அம்பு டார்கெட் பக்கமே போகவில்லை. பிறகு பெரியமேட்டில் ஒரு தோல் கடையில் கழிவுத்துண்டு ஒன்றை வாங்கி, விரலை வைத்துப் பேனாவில் வரைந்து, கத்தரியால் வெட்டிக்கொண்டேன். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், ஒரு பக்கம் வழவழப்பு. இன்றுவரை அதுதான்.

அதை ஒருநாள் மாஸ்டர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாண் உட்கார்ந்து உட்கார்ந்து தோலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நடுவிரலுக்கு நேரே ஆழமாக, ஆள்காட்டி விரலிடம் பாதி ஆழமாக, மோதிர விரல் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல்.

"மோதர வெரலு லீவுல கீதா?" என்று கேட்டுவிட்டுத் தோலைத் திருப்பிக் கொடுத்தார்.