மல்லாந்து படுத்தால் மிதப்பது போலிருப்பது ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சூட்சும சரீரப் பயணம் கற்றுத்தரும் காணொளிகள் எல்லாம் மல்லாந்து படுக்கச் சொல்கின்றன. கைகள் உடம்பில் படக்கூடாது, விடியற்காலை உகந்த நேரம், தலை வடக்கே இருக்க வேண்டும் என்கின்றன. இதில் அறிவியல் ஏதாவது உண்டா?"

உடலை விட்டு நுண்ணுடல் ஒன்று வெளியேறி உலவுவதையே சூட்சும சரீரப் பயணம் என்கிறார்கள். அப்படி ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் வெளியேறுவது போன்ற உணர்வு உண்மையானது. அந்த உணர்வை எழுப்புவதில் படுக்கும் நிலைக்கு நிச்சயம் பங்கு உண்டு.

வடக்கை முதலில் முடித்துவிடுவோம். 1970-களில் இந்தப் பயணத்தை அமெரிக்காவில் பிரபலமாக்கிய ராபர்ட் மன்றோ, காந்த வடக்கை நோக்கித் தலை வைக்கச் சொன்னார். நம் வீடுகளிலோ வடக்கே தலை வைத்தால் பாட்டி எழுப்பித் திருப்பிப் படுக்க வைப்பார். இரண்டுக்கும் இன்று சொல்லப்படும் காரணம் ஒன்றே: பூமியின் காந்தம் குருதியிலுள்ள இரும்பை இழுக்கிறதாம். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் 3 டெஸ்லா, அதாவது 75,000 மடங்கு. அதற்குள் அரைமணி நேரம் படுத்திருப்பவரின் குருதி ஓட்டமே திசைமாறுவதில்லை. படிப்பறிவு பெருகிய பிறகும் இந்தப் பயத்துக்கு அறிவியல் முலாம் பூசி மேடையில் பேசுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

விடியற்காலைக்குக் காரணம் எளிது. கனவு மிகுந்த ரெம் உறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் நீள்கிறது. அப்போது மூளைத்தண்டிலிருந்து வரும் கட்டளையால் கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்கள் தண்டுவடத்தின் இயக்க நரம்புகளை அடக்கிவிடுகின்றன. உதரவிதானமும் கண் தசைகளும் தப்ப, மற்ற தசைகள் தளர்ந்துவிடும். இந்த நிலை நீங்குவதற்குள் விழிப்பு வந்தால் அது உறக்க முடக்கம். ஊரில் 'அமுக்குவான் பேய்' என்பது இதைத்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் செய்ன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற எல்லா நிலைகளையும் சேர்த்தாலும் மல்லாந்து கிடந்தபோது இது நேர்ந்ததாகச் சொன்னவர்களே அதிகம். மல்லாந்தால் நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சுவழி குறுகும். அதனால் அரைகுறை விழிப்புகள் கூடும் என்பது ஒரு விளக்கம். நெஞ்சில் யாரோ அமர்ந்ததாகச் சிலர் சொல்ல, வேறு சிலர் மிதந்தேன், பறந்தேன், என்னையே மேலிருந்து பார்த்தேன் என்கிறார்கள்.

இந்த மிதப்பு எங்கிருந்து வருகிறது? எனக்குச் சலிக்கவே சலிக்காத உறுப்பு ஒன்று இங்கேதான் வருகிறது. உள்காதில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மயிரிழை உணர்செல்களின் படுகை, அதன்மேல் கூழ்ப்படலம், படலத்தின்மேல் ஆயிரக்கணக்கான கால்சியம் கார்பனேட் படிகங்கள். ஓட்டோலித் எனப்படும் இந்தச் செவிக்கற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆனால் நீரைப்போல் 2.7 மடங்கு அடர்த்தி கொண்டவை. தலை சாய்ந்தால் கற்கள் சரியும், மயிரிழைகள் வளையும், நரம்பு துடிக்கும். எது மேல், எது கீழ் என்று கண்ணை மூடிக்கொண்டே நாம் சொல்ல முடிவது இவற்றால்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கையில் யூட்ரிக்கிளின் படுகை ஏறத்தாழக் கிடைமட்டம். தலை முன்னோ பின்னோ 5 பாகை சாய்ந்தால், படுகையின் வாட்டத்தில் கற்களை இழுக்கும் விசை சைன் 5, அதாவது அவற்றின் எடையில் 0.087 பங்கு கூடுகிறது. மல்லாந்ததும் அதே படுகை ஏறத்தாழச் செங்குத்து. கற்கள் பிடரிப் பக்கம் முழுதாகச் சரிந்து நிற்கின்றன. இப்போது அதே 5 பாகை அசைந்தால் கிடைக்கும் மாற்றம் சைன் 90-க்கும் சைன் 85-க்கும் உள்ள வேறுபாடு: வெறும் 0.004. இருபது மடங்குக்கு மேல் மழுங்கிவிட்டது! சாக்யூல் ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் நிற்பவருக்குக் கிடைக்கும் துல்லியம் படுத்தவருக்கு இல்லை. பள்ளியில் வெறுத்த சைன் அட்டவணை ஒருவரின் காதுக்குள் இப்படி வேலை செய்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. பஸ் சட்டென்று கிளம்பினாலும் கற்கள் பின்னே சரியும், தலை பின்னே சாய்ந்தாலும் சரியும். எது நடந்தது என்று கற்களால் பிரித்துச் சொல்ல முடியாது. கண், தோல், தசை ஆகியவற்றின் சாட்சியத்தை வைத்து மூளைதான் தீர்ப்புச் சொல்கிறது. மல்லாந்து அசையாமல் கிடப்பவருக்கு அந்தச் சாட்சிகளும் ஒவ்வொன்றாக வாய்மூடுகின்றன. கைகளை உடம்பில் படாமல் வைத்துக் கண்ணை மூடிச் சில நிமிடம் கிடந்து பாருங்கள். விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன என்பதே மங்கிப்போகும். மாறாத அழுத்தத்தை நரம்புகள் தொடர்ந்து அறிவிப்பதில்லை. சுண்டுவிரலைச் சற்றே அசைத்தால் கை முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். கைகள் உடம்பில் படக்கூடாது என்ற விதி அனுபவத்தில் கண்டெடுத்த நல்ல விதிதான். தொடுகை என்ற சாட்சியை அது விலக்குகிறது.

தீர்ப்பு சொல்லும் இடம் வலக்காதுக்குச் சற்று மேலே, மூளையின் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் பகுதியில் இருக்கிறது. 2002-ல் ஜெனீவாவில் நரம்பியல் மருத்துவர் ஓலஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோய்க்காகச் சிகிச்சை பெற்ற 43 வயதுப் பெண்ணின் மூளையில் அந்த இடத்தருகே மின்முனையால் தூண்டினார்கள். மின்னோட்டம் குறைவாக இருந்தபோது படுக்கைக்குள் அமிழ்வது போல, உயரத்திலிருந்து விழுவது போல இருந்தது என்றார். சற்றுக் கூட்டியதும், கூரையருகே மிதந்தபடி, கட்டிலில் கிடக்கும் தன்னைப் பார்ப்பதாகச் சொன்னார். அதுவும் கால்களும் உடம்பின் கீழ்ப்பகுதியும் மட்டுமே தெரிந்தனவாம். முழங்காலை மடக்கியபோது, கால்கள் தன் முகத்தை நோக்கி விரைந்து வருவதாகத் தோன்றியது. பிளாங்கேயின் பிற்கால ஆய்வுகளில் இன்னொரு ஒழுங்கும் தெரிந்தது: உடலுக்கு வெளியே மிதந்த நோயாளிகள் பெரும்பாலும் படுத்திருந்தவர்கள், தன் இரட்டை உருவை எதிரே கண்டவர்கள் பெரும்பாலும் நின்றோ உட்கார்ந்தோ இருந்தவர்கள்.

இந்த உணர்வில் உள்காதுக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஓர் ஆதாரம் 2018-ல் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து வந்தது. தலைச்சுற்றல் நோயாளிகள் 210 பேரில் 14 சதவீதத்தினர் உடலைவிட்டு வெளியே இருந்ததாக உணர்ந்திருக்கிறார்கள். நோயற்ற 210 பேரில் 5 சதவீதத்தினர் மட்டுமே. நம் நாட்டில் தலைச்சுற்றலோடு அலைபவர்களுக்குப் பஞ்சமில்லை. சூட்சுமப் பயண வகுப்புகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு உள்காது ஆய்வுக்குப் போனாலே எத்தனையோ பேருக்கு விடை கிடைக்கும். தலைச்சுற்றலோடு மிதப்பதாகவும் ஒருவர் சொன்னால், வீட்டார் அவரை மந்திரிக்க அழைத்துப் போகாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: பலமாகக் குறட்டை விடுபவராகவோ, உறக்கத்தில் மூச்சு தடைபடுபவராகவோ இருந்தால் மல்லாந்து படுக்கும் பயிற்சியே வேண்டாம். அமுக்குவான் அடிக்கடி வந்தால் ஒருக்களித்துப் படுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தலையை எந்தத் திசையில் வைப்பது என்பது உங்கள் விருப்பம்.