ஸ்ட்ரீமர் வாங்குமுன் வால்யூம் யார் கையில் என்று பாருங்கள்

போன மாதம் வில்லாபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், அடித்தொனிக்கென்றே புதிதாக ஒரு சப்வூஃபர், அதைவிடப் புதிதாக, இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர்.

"அண்ணே, பாட்டைக் குறைச்சாலும் இந்த டம் டம் மட்டும் குறைய மாட்டேங்குது. மாடிவீட்டு அம்மா ரெண்டு தடவை இறங்கி வந்துட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். சப்வூஃபர் பழுது என்று நினைத்து, மாற்றித் தரச் சொல்லிக் கடையில் சண்டையே போட்டிருக்கிறார்.

எதுவும் பழுதில்லை. ஸ்ட்ரீமரின் லைன் அவுட் ஆம்ப்ளிஃபயருக்கும், சப் அவுட் நேராகச் சப்வூஃபருக்கும் போயிருந்தன. அவரோ ஸ்ட்ரீமரை முழு வால்யூமில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகுகிறார். அந்தக் குமிழ் அடக்குவது இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும்தான். குமிழை ஒரே இடத்தில் நிறுத்தி டேப் ஒட்டினேன். இனி வால்யூம் எல்லாம் ஸ்ட்ரீமரில்.

அதனால் கடைக்குப் போகுமுன் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பாருங்கள். சப் அவுட்டோ, குமிழோடு சேர்ந்து ஏறி இறங்கும் சிக்னலை வெளியே தரும் ப்ரீ அவுட்டோ இருந்தால், வீம் ப்ரோ போல சப் அவுட் இல்லாத ஸ்ட்ரீமரே போதும். இரண்டும் இல்லையென்றால் வீம் அல்ட்ரா, புளூசவுண்ட் நோட் போல சப் அவுட் உள்ளதைப் பாருங்கள். குமிழைத் தொடாத பழக்கமும் வேண்டும். சில சப்வூஃபர்களில் ஸ்பீக்கர் ஒயரையே செருகும் ஹை லெவல் இன்புட் இருக்கும். அதுவும் நல்ல வழிதான், ஆனால் எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் ஒத்துவராது. கையேட்டைப் பார்க்காமல் ஒயரைத் தொடாதீர்கள்.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது எந்த ஒலி சப்வூஃபருக்கு, எது ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் கோடு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பினால் மட்டும் போதாது, ஸ்பீக்கர்களிடமிருந்து அதை எடுக்கவும் வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் இருக்கும் ஐந்து அங்குல வூஃபருக்கு அதுதான் பெரிய நிம்மதி. "ரெண்டு பக்கமும் வெட்டுமா?" என்று கடையில் கேளுங்கள்.

கடையில் எல்லோரும் கேட்பது என்னவோ, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் டாக் (DAC) சிப் எது என்றுதான். டிஜிட்டல் ஒயரில் இணைத்தால் வேலை செய்வது ஆம்ப்ளிஃபயரின் டாக். ஸ்ட்ரீமரின் சிப் சும்மா கிடக்கும். நம் ஊர் வீடுகளில் கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 12 அடி இருந்தால் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி வீங்கும். எந்தச் சிப்பும் அதைச் சரிசெய்யாது. சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்துங்கள், அப்புறம் ஸ்ட்ரீமரில் அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ரூம் கரெக்ஷன் இருந்தால் அதை ஓட்டுங்கள்.

வெளிநாட்டு விமர்சனங்கள் கொண்டாடும் டைடல், கோபுஸ் பாட்டுச் சேவைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டும் இந்தியாவில் முறைப்படி கிடைப்பதில்லை. ஸ்பாட்டிஃபை கனெக்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டை ஸ்ட்ரீமரே நேராக எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். புளூடூத்தில் கேட்டால் போன் மணியும் சப்வூஃபரில் அதிரும்!

கடைசியாக ஒன்று. "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஷாக் அடிக்கும், செய்யாதீர்கள். எல்லா பிளக்கையும் ஒரே எர்த் உள்ள போர்டில் போட்டு, டிவியும் ஆம்ப்ளிஃபயரோடு இணைந்திருந்தால் டிவிக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பாதி வீடுகளில் இரைச்சல் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது.